தெபு இலை குணமாக்காத வருத்தம்

மகன், உன் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது.

எழுத்துப் பிழை இல்லை. அதையெல்லாம் பிடிக்கிற அளவுக்கு உன் அப்பா படித்தவன் இல்லை. சாதாரண தரப் பரீட்சையை ஒரு தடவை எழுதி, இன்னொரு தடவை எழுதப் பயந்து, தையல் மெசினில் போய் உட்கார்ந்தவன் நான். பிழை விஷயத்தில்தான் இருக்கிறது.

“எங்கள் வீட்டு மூலிகை” என்று நீ பாடசாலையில் எழுதிக் கொடுத்தாயே, டீச்சர் கூட சிவப்புப் பேனையால் “மிக நன்று” என்று போட்டிருந்தாரே, அந்தக் கட்டுரை. அதில் இப்படி எழுதியிருக்கிறாய்: “என் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. அம்மா மூன்று மாதம் தெபு இலைச் சம்பலும் பாவற்காய்ச் சாறும் கொடுத்தார். சீனி வருத்தம் அடியோடு மாறிவிட்டது.” அம்மா அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டு ஒட்டினாள் என்று நீ நினைக்கிறாய். அது பாதிதான். கதவைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது மற்றப் பாதி.

உன் அக்கா அதை வாசித்துவிட்டு, “அப்பா, நீங்க ஒரு அதிசயப் பிறவி” என்றாள். அப்போது நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தக் கட்டுரை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதனால் உங்கள் இரண்டு பேருக்குமாக இதை எழுதுகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய், ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது வேறு வருத்தம். அதற்கு இன்றைக்கும் மாத்திரை போடுகிறேன். உங்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அந்த மாத்திரையையே நிறுத்தப் பார்த்தேன். அந்தக் கதைதான் இது.

அந்த வருஷம் எனக்கு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் சிக்கலே. யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை. ஆனால் காலையில் கட்டில் ஓரத்தில் ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்தபடி அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பேன். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் கடை இருக்கிற வெள்ளவத்தையில் இறங்க மறந்து தெஹிவளைக்குப் போய்விடுவேன். நீ ஒரு பகிடி சொன்னால், சிரிக்க வேண்டிய இடம் எது என்று கணக்குப் பார்த்துச் சிரிப்பேன். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. உன் பகிடிகளுக்குச் சிரிப்பது சுகமாயிருக்கிற ஆட்களுக்கே கஷ்டம்தான், அது வேறு விஷயம்.

கடைசியில் ஒரு கலியாணப் பெண்ணின் சாறி பிளவுஸை வெட்டினேன். நல்ல பொன் நிறத் துணி, இந்தியாவில் இருந்து கொண்டுவந்தது. வெட்டி முடித்துப் பார்த்தால் முன்பக்கத் துண்டு இரண்டும் இடது பக்கத்துக்கு. இருபத்திரண்டு வருஷமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறவன் செய்கிற வேலையா அது? கடை முதலாளி அம்மா அந்த இரண்டு துண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். “மாஸ்டர், நாளைக்குக் கடைக்கு வர வேணாம். டொக்டரிட்டப் போங்க” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனேன். அம்மாவிடம் முதுகு நோவுக்குக் காட்டப் போகிறேன் என்று சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்க் கிளினிக் ஒரு மூலையில் இருக்கிறது. வாசல் வரை போய்விட்டு இரண்டு முறை திரும்பி, மூன்றாம் முறை உள்ளே போய் நீள வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் தெரியுமா? எங்கள் ஒழுங்கையில், சந்தியில் இருக்கிற ஐயா. பேர் வேண்டாம். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பவர் என்றால் உங்களுக்கே விளங்கும்.

“என்ன இந்தப் பக்கம்?” என்றார்.

“தெரிஞ்ச ஒரு நோயாளியப் பார்க்க வந்தேன் ஐயா. நீங்க?”

“நானும் ஒரு நோயாளியத்தான் பாக்க வந்தனான்.”

இரண்டு பேர் கையிலும் இலக்கத் துண்டு இருந்தது. அவருக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. நாங்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். பதினேழு என்று கூப்பிட்டபோது அவர் எழும்பி, “அவரைத்தான் கூப்பிடுறாங்கள், பாத்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது.

டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, நல்ல தமிழ் கதைப்பவர். எல்லாவற்றையும் கேட்டார். இது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை, மனச்சோர்வு என்கிற வருத்தம், மருந்து இருக்கிறது, குணமாகும் என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. “வேலை செய்ய ரெண்டு மூணு கிழமை போகும். அதுக்கு முதல்ல வாய் காயிறது தெரியும். கஷ்டமா இருந்தா வந்து சொல்லுங்க. நீங்களா நிப்பாட்டக் கூடாது” என்றார். நான் தலையாட்டினேன். கதவைத் திறந்துகொண்டு ஓடுகிற அவசரத்தில் எதற்கும் தலையாட்டுவேன்.

மாத்திரையைக் கடையில், மெசின் நூல் சுற்றி வைக்கிற என் பொபின் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். தினம் ஒன்றை லைனிங் துணித் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இரவில் பல் விளக்கும்போது விழுங்குவேன். ஏன் இவ்வளவு ஒளிப்பு என்று அக்கா கேட்பாள். பதில் வெட்கமானது. ஒரு வீட்டில் இருமல் என்றால் அயல் முழுக்கக் கசாயம் கொண்டுவரும். சீனி, பிரஷர் என்றால் பஸ்ஸில் நின்றுகொண்டே கதைப்போம், உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு என்று போட்டி கூடப் போடுவோம். மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். நாளைக்கு அக்காவுக்குக் கலியாணம் பேசும்போது இது முதலில் வருமே என்று நினைத்தேன். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. நான் எவ்வளவு தூரம் யோசிக்கிறவன் என்று பாருங்கள்.

மூன்றாம் கிழமை ஒருநாள், கறி தாளிக்கிற வாசம் எனக்கு மணத்தது. அதுவரை மணக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதே கிழமை நீ சொன்ன ஒரு பகிடிக்குக் கணக்குப் பார்க்காமல் சிரித்தேன். அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

மாத்திரை என்னைத் திருப்பித் தந்தது. ஆனால் எச்சிலை எடுத்துக்கொண்டது.

முதலில் காட்டிக் கொடுத்தது நூல்தான். தையற்காரன் ஊசி கோக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். நூல் நுனியை நாக்கில் வைத்து, ஈரமாக்கி, விரலால் கூராக்கி, ஊசிக் கண்ணில் விடுவது. அன்றைக்கு நுனியை நாக்கில் வைத்தேன். காய்ந்தபடியே வெளியே வந்தது. இன்னொரு தடவை வைத்தேன். நூல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாய் முழுக்கத் துணியில் கோடு போடுகிற சோக்குக்கட்டியை அரைத்துப் பூசினது போல் இருந்தது. மத்தியானம் மேரி பிஸ்கட் ஒன்றைக் கடித்தேன். அது வாய்க்குள் மாவாகி, போக வழியில்லாமல் நின்றது. பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டி டக் டக் என்று சத்தம் போட்டது.

அன்றிலிருந்து மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளாஸில் தண்ணீர் வைத்து அதில் நூலைத் தோய்த்தேன். அடுத்த மெசினில் இருக்கிற முஸ்லிம் நானாவை உங்களுக்குத் தெரியும், பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புகிறவர். அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

“என்ன தம்பி, நூலுக்கும் தண்ணி குடுக்கிறீங்க? நோன்பு தொறக்குதா?”

சிரித்து மழுப்பினேன். பிறகு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். கடை வாசலில் தள்ளுவண்டிக்காரர் விற்கிற புளிப்பான வெரளிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது. ஒன்றை வாய்க்குள் ஒதுக்கினால் போதும், காதுக்குக் கீழே சுள்ளென்று இழுத்து, வாயில் ஈரம் ஊறிவிடும். ஆகா, நானும் ஒரு டொக்டர்தான் என்று நினைத்தேன். வெரளிக்காய் முடிந்தால் அம்பரெல்லாக் காய், அதுவும் இல்லாவிட்டால் எலுமிச்சை டொபி. விடிந்ததில் இருந்து கடை பூட்டும் வரை புளியை ஒதுக்கிக்கொண்டு தைத்தேன்.

நானா இரண்டு கிழமை பொறுத்தார். பிறகு மெசினை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, நாள் முழுக்கப் புளி சப்புறீங்க. மாசமா ஈக்கிறீங்களோ?”

கடையில் இருந்த பெண் வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் புளி இல்லை, தண்ணீர்தான். போத்தல் போத்தலாகக் குடித்தேன். குடித்தால் அது போகிற வழியும் பார்க்க வேண்டும் அல்லவா? அம்மா எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் மாலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு எத்தினை போத்தல் தண்ணி குடிச்சனீங்கள்?”

“வெயில் தானே.”

“மழை பெய்யுது வெளியில. எங்கட அண்ணாக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. வாய் காயும், தண்ணி குடிப்பார், ஓடுவார், திரும்பி வந்து குடிப்பார். இது சீனி.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் கூட. அது காய்ந்து கிடந்தது. அதைவிட, ஒரு பெரிய ஆறுதல் வந்தது. சீனி! எவ்வளவு மரியாதையான வருத்தம். நான் ஏன் இதை முதலே யோசிக்கவில்லை?

“இருக்கலாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு மூன்று மாதம் அனுபவித்தேன். மறுநாள் தொடக்கம் என் பிளேன்டீயில் சீனி இல்லை. சோறு ஒரு கரண்டி. இரவுக்குக் குரக்கன் பிட்டு. விடிய வெறும் வயிற்றில் பாவற்காய்ச் சாறு, அதுவும் அம்மா பக்கத்தில் நின்று கிளாஸின் அடியைப் பார்க்கும் வரை. கீழ்வீட்டுச் சிங்கள அக்கா செய்தி கேட்டு, தன் பூச்சட்டியில் வளர்த்த தெபு இலையை ஒரு கட்டு கொண்டுவந்தார். சீனி வருத்தத்துக்கு அவர்கள் ஆட்கள் சம்பல் போட்டுச் சாப்பிடுகிற இலை. பிறகு கிழமைக்கு இரண்டு கட்டு வந்தது. அந்தச் செடி எப்படித்தான் தாங்கியதோ. மகன், நீ என் முன்னால் உட்கார்ந்து ஐஸ்கிரீம் கப்பை நக்கி முடித்துவிட்டு, “பாவம் அப்பா” என்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கா ஒவ்வொரு சாப்பாட்டுப் பக்கெட்டின் பின்பக்கத்தையும் வாசித்து எனக்குத் தடை போட்டாள். நான் ஆட்சேபிக்கவில்லை. காலையில் கசப்பைக் குடித்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, என் மாத்திரையையும் விழுங்கினேன். இரத்தம் சோதிக்கப் போவோம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் கடையில் கலியாண ஓடர் என்று தப்பினேன். மாதா மாதம் கிளினிக்கில் டொக்டர் “எப்படி?” என்று கேட்டால், “ஒரு பிரச்சினையும் இல்ல டொக்டர்” என்று சொல்லிவிட்டு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

பிறகு பல் பிடித்துக்கொண்டது. கீழ்ப் பற்களில் தண்ணீர் பட்டாலே கூசும். ஒரு கடைவாய்ப் பல் வலித்த வலியில் அம்மாவே கையைப் பிடித்துப் பல் டொக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் சிங்களவர், வயதானவர், பொறுமைசாலி. வாய்க்குள் லைட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாய் ஏன் இப்படிக் காய்ந்திருக்கிறது, என்ன மருந்து பாவிக்கிறார் என்று கேட்டார். என் வாய்க்குள் அவருடைய சின்னப் பல் கண்ணாடி. அம்மா முந்திக்கொண்டாள்.

“தியாவெடியாவ, டொக்டர்” என்றாள். சீனிக்கு அவர்கள் சொல்கிற பேர். அவளுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். இந்தச் சொல்லை இந்த மூன்று மாதத்தில் படித்திருந்தாள்.

என்ன மாத்திரை என்று அவர் கேட்டார். மாத்திரை இல்லை, தெபு இலை என்றாள். இரத்தச் சோதனையில் எவ்வளவு என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேலே லைட்டைப் பார்த்தேன். சோதிக்கவே இல்லையா என்று அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மறுநாள் காலையில் சாப்பிடாமல் போய்ச் சோதிக்கச் சொன்னார்.

சோதித்தோம். ரிப்போர்ட் வந்தது. என் இரத்தத்தில் சீனி அளவாகத்தான் இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, “அப்பா, இது எங்கட ஹெல்த் சயன்ஸ் புத்தகத்தில இருக்கிற மாதிரியே இருக்குது” என்றாள்.

நான் இதோடு சரி, பிடிபட்டேன் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அம்மா ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். கண் கலங்கியது.

“மாறீட்டுது” என்றாள். “இலையில மாறீட்டுது!”

கீழ்வீட்டு அக்கா படி ஏறி வந்து, நான் சொன்னேன் தானே தங்கச்சி என்று சிங்களத்தில் சத்தம் போட்டு அம்மாவைக் கட்டிப் பிடித்தார். அன்று பின்னேரத்துக்குள் நாலு மாடிக்கும் செய்தி போய்விட்டது. தெபு இலைக்கு ஆள் அனுப்பினார்கள். பூச்சட்டியில் தண்டு மட்டும் மிஞ்சியது. மகன், உன் கட்டுரை பிறந்தது அந்த நாளில்தான்.

ஆனால் சீனி மாறின ஆளுக்கு வாய் மட்டும் ஏன் இன்னும் காய்கிறது? “சீனி மாறீட்டுதெல்லே, ஏன் இன்னும் போத்தலைத் தூக்குறீங்கள்?” என்று அம்மா கேட்கத் தொடங்கினாள். என்னிடம் பொய் முடிந்துவிட்டது. அப்போதுதான் அந்த முட்டாள் யோசனை வந்தது. நான்தான் சுகமாகிவிட்டேனே, சிரிக்கிறேன், வெட்டுகிறேன், பஸ்ஸில் சரியான இடத்தில் இறங்குகிறேன். மாத்திரையை விட்டால் எச்சில் வரும். எச்சில் வந்தால் கதை முடியும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

திங்கட்கிழமை விட்டேன். வியாழக்கிழமை நூல் நாக்கில் நனைந்தது. நானா பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ், புள்ள பொறந்திட்டுது” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை வயிற்றைக் குமட்டியது, தலை பாரமாக இருந்தது, நித்திரை துண்டு துண்டாக வந்தது. சனிக்கிழமை ஒரு குழந்தைச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தபோது கண்ணீர் வந்து துணியில் விழுந்தது. எதற்கென்று எனக்கே தெரியாது. நனைந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் ஈரம் வந்துவிட்டது, மற்றது எல்லாம் திரும்பிப் போகிறது என்று விளங்கியது. இருந்தும் பொபின் பெட்டியைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், வந்தார். அக்கா டியூஷனுக்கும் நீ கோயில் அறநெறி வகுப்புக்கும் போயிருந்தீர்கள். மாமாவின் சீனி உண்மையான சீனி. போன வருஷம் கால் விரலில் புண் ஆறாமல் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கதிரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, வெற்றி வீரர் மாதிரி அறிவித்தார்:

“மச்சான், நானும் விட்டுட்டன்!”

“எதை?”

“குளிசையைத்தான். மூண்டு நாளாச்சு. எத்தினை வருஷம் விழுங்கிறது? உங்கட வழிதான் வழி. தங்கச்சி, அந்த இலை எனக்கும் ரெண்டு கட்டு எடுத்துத் தா.”

அம்மா சந்தோஷமாகப் பையைத் தேடினாள். நான் எழும்பினேன்.

“மச்சான், அப்படி விடக்கூடாது. டொக்டர் சொல்லாம நீங்களா ஒரு மாத்திரைய நிப்பாட்டக் கூடாது. ஒத்துக்கலைன்னா போய்ச் சொல்லணும். ஒளிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று ஞாபகம் வந்தது. அந்த டொக்டர் பிள்ளையின் வசனம், எனக்குச் சொன்னது. நான் விட்ட ஆறு நாள் மாத்திரை பொபின் பெட்டிக்குள் கிடந்தது.

“நீங்கள் குளிசை போடாமல்தானே சுகமானனீங்கள்?” என்றார் மாமா.

“இல்ல. நானும் மாத்திரை போட்டேன், விட்டேன். ஆனா சீனிக்கு இல்ல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இடது பக்கத் துண்டு இரண்டையும், இலக்கம் பதினெட்டையும், பொபின் பெட்டியையும், வெரளிக்காயையும். மாமாதான் முதலில் வாய் திறந்தார். “அப்ப அந்தப் பாவக்காய்ச் சாறு? வருத்தம் இல்லாமலே, மூண்டு மாசம் சும்மா குடிச்சனீங்களோ?” என்று கேட்டுவிட்டு, விரதம் இருந்த சாமியாரைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

அம்மா உள்ளே போனாள். பாவற்காய் அடிக்கிற பிளெண்டரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை.

“ஒரு நாளாவது வேண்டாமெண்டு சொன்னனீங்களா?”

“சொன்னா ஏன்னு கேப்பே.”

“கேக்கத்தான் வேணும். நான் கேக்காமல் ஆர் கேக்கிறது?” பிளெண்டரைக் கவிழ்த்து வைத்தாள். “பிளவுஸ் பிழையா வெட்டின நாள் எனக்குத் தெரியும். உங்கட முதலாளி அம்மா அண்டைக்கே போன் எடுத்தவா. நீங்கள் சிரிக்கிறேல்ல, கதைக்கிறேல்ல. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் திரிஞ்சனான். பிறகு தண்ணி குடிக்கத் தொடங்கினீங்கள். அப்பதான் பிடிச்சன், இது சீனி, மனம் குழம்புறதும் அதாலதான் எண்டு. இலை குடுத்தன். நீங்கள் சிரிச்சனீங்கள்.” திரும்பினாள். “நான் சீனி மாறினதுக்கோ அண்டைக்கு அழுதனான்? நீங்கள் மாறினதுக்கு.”

பிள்ளைகளே, எனக்கு அந்த நேரம் வாயில் எச்சில் நிறைய இருந்தது. சொல் ஒன்றும் வரவில்லை.

அம்மா கையைத் துடைத்தாள். “பெட்டிச் சாவி ஆரிட்ட?” என்று கேட்டாள். நான் சாவியை எடுத்தேன். முதலில் தன் அண்ணனை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டு, அவருடைய குளிசையை விழுங்க வைத்துவிட்டு, முதலாளி அம்மாவிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த கடையைத் திறப்பித்து, என்னுடையதைப் பொபின் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் போனேன். அவ்வளவுதான் என் பங்கு.

மறுநாளே கிளினிக்குக்குப் போனோம். சந்தி ஐயா அதே வாங்கில் இருந்தார்.

“ஆரைப் பாக்க வந்தனீங்கள் அண்ணா?” என்றாள் அம்மா.

“ஒரு நோயாளிய, பிள்ளை.”

“இவரும் அப்பிடித்தான். இவ்வளவு நாளும் தன்னைத்தான் பாக்க வந்துகொண்டிருந்தவர்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வெடித்துச் சிரித்தார். அந்த மண்டபத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

டொக்டர் பிள்ளை என்னை ஏசவில்லை. ஒரு கடதாசியில் முகம் ஒன்றைக் கீறினார். காதுக்கு முன்னால் இரண்டு, தாடைக்குக் கீழே இரண்டு, நாக்குக்குக் கீழே இரண்டு என்று ஆறு இடத்தில் புள்ளி வைத்தார். எச்சில் சுரக்கிற பெரிய சுரப்பிகள் அவை. அவை ஒன்றும் பழுதாகவில்லை, ‘எச்சிலை விடு’ என்று நரம்பு கொண்டுவருகிற செய்தியை இந்த மருந்து இடையில் கொஞ்சம் மறிக்கிறது, அவ்வளவுதான் என்றார். எனக்கு நன்றாக விளங்கியது. தையல் மெசினில் மோட்டர் சரி, ஊசி சரி, இரண்டுக்கும் நடுவில் பட்டி வழுக்குகிறது. மிதித்தாலும் ஓடாது.

“முதல் நாளே சொன்னேன் தானே, வாய் காஞ்சா வந்து சொல்லுங்கன்னு? மாசா மாசம் ஒரு பிரச்சினையும் இல்லன்னீங்க.”

“வீட்டிலயும் இதைத்தான் சொல்லுறவர், டொக்டர்” என்றாள் அம்மா.

விட்ட மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று எழுதித் தந்தார். கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம், அதற்கும் சரிவராவிட்டால் வாயை இவ்வளவு காய வைக்காத வேறு மருந்துக்கு மெல்ல மெல்ல மாறலாம் என்றார். அதுவரைக்கும் தண்ணீரைப் போத்தலாக ஊற்றாமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சீனி இல்லாத சுவிங்கம் மெல்லலாம், மெல்லும்போது சுரப்பிக்கு வேலை வரும். வெரளிக்காய் கதையைக் கேட்டதும் அவருக்கே கூசியது போல் முகம் சுருங்கியது. எச்சில்தான் பல்லுக்குக் காவல், அது குறைந்த வாயில் நாள் முழுக்கப் புளியை வைத்தால் பல் கரையும் என்றார். இனிப்பும் அப்படியே, பல் சூத்தையாகும்.

அம்மா கதிரையில் நிமிர்ந்தாள்.

“அப்ப தேத்தண்ணிக்குச் சீனி, டொக்டர்?”

“போடாம குடிச்சா நல்லது. தேத்தண்ணியையே குறைச்சா இன்னும் நல்லது.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. உண்மையைச் சொன்னால் சீனி திரும்பி வரும் என்று நான் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை வைத்திருந்தேன். உண்மைக்குக் கிடைத்தது அதே வெறும் பிளேன்டீ.

இப்போது மருந்து மாறி, வாயும் பரவாயில்லை. இருந்தும் முழு ஈரம் வரவில்லை, நூலை இன்னும் கிளாஸில்தான் தோய்க்கிறேன். கிளாஸில் தண்ணீர் குறைந்தால் நானா தானே எழும்பி நிரப்பிவிட்டு, “ஒட்டகத்துக்குத் தண்ணி வெச்சாச்சு” என்று அறிவிக்கிறார். மாத்திரை எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்கு மேல், உன் கட்டுரைக்கு நேர் மேலே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. அது விற்றமின் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்தீர்கள், நானும் திருத்தவில்லை. அது ஒன்றுதான் மிச்சம் இருந்த பொய்.

ஆகவே, மகன், கட்டுரையைத் திருத்து. உன் வகுப்பில் முப்பது பிள்ளைகள். அதில் யாருடைய அப்பாவாவது உன் மாமா மாதிரிக் குளிசையை விட்டுவிட்டு இலைக்கு ஆள் அனுப்பினால் என்ன செய்வது? “என் அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது, டொக்டர் தந்த மாத்திரையில் குணமாகி வருகிறார்” என்று எழுது. அப்படி எழுத உனக்கு வெட்கமாக இருந்தால் சொல்லு, நான் கடைக்குப் போகிற வழியில் பாடசாலைக்கு வந்து டீச்சரிடம் என் வாயாலேயே சொல்கிறேன். கையில் தண்ணீர்ப் போத்தலோடு வருவேன்.

கட்டுரையில் இருந்து தெபு இலையை முழுதாக வெட்டிவிடவும் வேண்டாம். சம்பல் நல்ல ருசி என்று மட்டும் எழுதி வை. அதுவும் உண்மை இல்லைதான். ஆனால் அது பிரிட்ஜில் ஒட்டப் போகிற கட்டுரை, அம்மா வாசிப்பாள்.